மேடை வேண்டாம், துணை வேண்டும்!

ஐந்து வயதுப் பாலகன் ஒருவன் உலக நாடுகளின் தலைநகரங்களை வரிசையாக ஒப்பிக்கிறான். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி பெரிய பெரிய எண்களை மனத்திலேயே பெருக்கி விடை சொல்லுகிறாள். உடனே என்ன நடக்கிறது? கூட்டம் கூடுகிறது. பொன்னாடை வருகிறது. படம் பிடிக்கிறார்கள். பெற்றோர் பூரிக்கிறார்கள். “தெய்வப் பிறவி” என்கிறார் ஒருவர். “பூர்வ ஜென்மப் புண்ணியம்” என்கிறார் இன்னொருவர். பிறகு கூட்டம் கலைகிறது, மேடை வெறிச்சோடுகிறது, மறுநாள் காலையிலே அந்தக் குழந்தை பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறது.

அங்கே அது யாரோடு பேசுகிறது? யாரோடு விளையாடுகிறது? முன்பே தெரிந்த பாடத்தை முப்பதாவது முறையாகக் கேட்கும்போது அதன் மனம் எங்கே போகிறது? பெரியவர்கள் படிக்கும் நூலைப் படித்துவிட்டு, சாவைப் பற்றி, போரைப் பற்றி, வறுமையைப் பற்றி இரவிலே எண்ணி அழுகிறதே, அந்த அழுகையைத் துடைக்க யார் இருக்கிறார்கள்? இந்தக் கேள்விகளை நம்மிலே எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? கேட்கவில்லை. மேதையைக் கண்டோம், குழந்தையைக் காணவில்லை.

அறிவு மிகுந்த பிள்ளைகளைப் பற்றி உலகிலே இரண்டு எண்ணங்கள் நெடுநாளாக உலவி வருகின்றன. “முன்னே பழுத்தது முன்னே வெம்பும்; இத்தகைய பிள்ளைகள் நோஞ்சான்களாகவும் பித்தர்களாகவும் போவார்கள்” என்பது ஒன்று. “அறிவுள்ளவன் தானே பிழைத்துக்கொள்வான்; அவனுக்கு யார் தயவும் வேண்டியதில்லை” என்பது மற்றொன்று. இரண்டுமே நம் ஊர்த் திண்ணைகளிலும் கேட்கிற பேச்சுத்தான். இரண்டையும் உரைத்துப் பார்த்த உளநூல் வல்லார் என்ன கண்டார்கள் என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். ஏனெனில், இது ஏதோ சில அபூர்வப் பிள்ளைகளைப் பற்றிய வேடிக்கைக் கதையன்று. ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளை எப்படிப் பார்க்கிறது என்பதைக் காட்டுகிற கண்ணாடி.

அறிவை அளக்கும் கோல் பிறந்த இடம் பிரான்சு நாடு. 1905-ம் ஆண்டிலே ஆல்பிரட் பினே என்பவரும் தியோடர் சிமோன் என்பவரும் அதைச் செய்தார்கள். எதற்காக? பாடத்திலே பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து அவர்களைக் கைதூக்கி விடுவதற்காக! ஏழையை, எளியவனை, தடுமாறுகிறவனைத் தேடிப் புறப்பட்ட கருவி அது. கடல் கடந்து அமெரிக்கா போனதும் அதன் போக்கே மாறிற்று. கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்துப் பேராசிரியர் லூயிஸ் டெர்மன் 1916-ம் ஆண்டிலே அதைத் திருத்தி அமைத்தார். மன வயதைப் பிறந்த வயதால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது நுண்ணறிவு ஈவு, படித்தவர்கள் ‘ஐ.க்யூ.’ என்பது இதைத்தான். ஐந்து வயதுப் பிள்ளை பத்து வயதுப் பிள்ளையின் வேலையைச் செய்தால் ஈவு 200. நடுத்தரமான பிள்ளைக்கு 100.

டெர்மன் 1921-ம் ஆண்டிலே ஒரு பெரும் பணியைத் தொடங்கினார். கலிபோர்னியாப் பள்ளிகளிலே சலித்தெடுத்து, ஏறத்தாழ 135-க்கு மேல் ஈவு பெற்ற பிள்ளைகள் 1,500-க்கு மேற்பட்டவர்களைத் திரட்டினார். அவர்களுடைய உடல்நலம், படிப்பு, நட்பு, பிறகு தொழில், மணவாழ்வு அனைத்தையும் பதிவு செய்தார். 1956-ம் ஆண்டிலே அவர் மறைந்த பிறகும் மற்றவர்கள் அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்கள். கண்ட முடிவு என்ன? அந்தப் பிள்ளைகள் நோஞ்சான்கள் அல்லர். பித்தர்கள் அல்லர். பெரும்பாலோர் நல்ல உடலோடும் நல்ல மனத்தோடும் வளர்ந்தார்கள். “முன்னே பழுத்தது வெம்பும்” என்ற பேச்சு பொய்யாயிற்று. அந்த அளவிலே டெர்மன் செய்தது பெருந்தொண்டு; அதை மறுப்பதற்கில்லை.

ஆனால், சல்லடையைச் சற்றுக் கையிலே எடுத்துப் பாருங்கள். முதலிலே பிள்ளைகளைப் பொறுக்கியவர்கள் யார்? ஆசிரியர்கள். வகுப்பிலே கெட்டிக்காரன் யார் என்று அவர்கள் சுட்டிக் காட்டினார்கள். அப்படிச் சுட்டப்பட்டவர்களுக்கே பெரும்பாலும் தேர்வு நடந்தது. ஆசிரியர் கண்ணுக்கு யார் கெட்டிக்காரனாகத் தெரிவான்? தூய உடை உடுத்தியவன், நல்ல ஆங்கிலம் பேசுகிறவன், வசதியான வீட்டிலிருந்து வருகிறவன். வந்து சேர்ந்தவர்களிலே பெரும்பாலோர் நடுத்தர வகுப்பு வெள்ளைப் பிள்ளைகளாகவே இருந்ததிலே வியப்பென்ன? டெர்மனோ, அறிவு என்பது குருதியிலே வருவது, சில இனத்தாருக்கு அது குறைவு என்று எழுதியவர். கறுப்பர்களையும் மெக்சிகோ வழிவந்தவர்களையும் பற்றி அவர் 1916-ம் ஆண்டு நூலிலே எழுதியவை இன்று படிப்போரைத் தலைகுனிய வைக்கும். பிறப்பைக் கொண்டு அறிவை அளக்கிற கொடுமை நமக்குப் புதிதா? நூலும் குலமும் சொல்லி இங்கே செய்ததை, எண்ணும் கணக்கும் சொல்லி அங்கே செய்தார்கள்!

சல்லடை எவ்வளவு ஓட்டையானது என்பதற்கு இன்னொரு சான்று. டெர்மனின் தேர்விலே கலந்து, தகுதி இல்லை என்று விடப்பட்ட பிள்ளைகளிலே இருவர் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் அல்வாரெஸும். முன்னவர் 1956-ம் ஆண்டிலும் பின்னவர் 1968-ம் ஆண்டிலும் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட 1,500 பேரிலே ஒருவருக்கும் அந்தப் பரிசு கிட்டவில்லை! அளவுகோல் எண்ணைச் சொல்லும், எதிர்காலத்தைச் சொல்லாது.

இரண்டாவது எண்ணத்திற்கு வருவோம்: “அறிவுள்ளவன் தானே பிழைத்துக்கொள்வான்.” இதை எதிர்த்து உரத்த குரல் எழுப்பியவர் ஒரு பெண்மணி. பெயர் லீட்டா ஹாலிங்வொர்த். 1886-ம் ஆண்டிலே நெப்ராஸ்காச் சமவெளியிலே பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தவர். ஆசிரியையாக வேலை பார்த்து, 1908-ம் ஆண்டிலே நியூயார்க் நகரம் வந்து மணம் முடித்தார். அங்கே பள்ளியிலே வேலை கேட்டார். கிடைத்த பதில் என்ன தெரியுமா? மணமான பெண்ணுக்கு ஆசிரியை வேலை இல்லை! அந்நாளிலே அதுதான் அந்த மாநகரத்தின் விதி. பள்ளிக் கதவு அடைபட்டது. அவர் கொலம்பியா பல்கலைக் கழகத்துப் படியேறி உளநூல் கற்றார். பெண் அறிவிலே ஆணுக்குக் குறைந்தவள் என்று அறிஞர் பெயராலே பேசப்பட்ட பேச்சை ஆராய்ச்சி செய்து மறுத்தார். அதன் பிறகே அறிவு மிகுந்த பிள்ளைகளிடம் வந்தார்.

1916-ம் ஆண்டிலே அவர் சோதித்த சிறுவன் ஒருவனின் ஈவு 187. வகுப்பு மாணவர்களுக்கு எடுத்துக் காட்டுவதற்காக நடத்திய சோதனை அது. அன்று தொடங்கியது தேடல். 180-க்கு மேல் ஈவு உடைய பிள்ளைகள் பன்னிரண்டு பேரைத் தேடிக் கண்டு, அவர்களை ஆண்டுக்கணக்கிலே உடனிருந்து கவனித்தார். 1939-ம் ஆண்டிலே அவர் மறைந்துவிட, அந்த நூலை அவர் கணவர் முடித்து 1942-ம் ஆண்டிலே வெளியிட்டார்.

ஹாலிங்வொர்த் கண்டது என்ன? ஈவு 125 முதல் 155 வரை உள்ள பிள்ளைகளுக்குப் பெரிய தொல்லை இல்லை. அவர்கள் தோழர்களோடு கலந்து பழகுகிறார்கள்; தலைமையும் தாங்குகிறார்கள். அதற்கும் மேலே போகப் போக, பிள்ளை தனித்துப் போகிறது. அது விளையாட விரும்பாதது அல்ல. அது புனைகிற விளையாட்டிலே விதிகள் அதிகம், கதை நீளம். அதே வயதுப் பிள்ளைகளுக்கு அது புரிவதில்லை. பெரிய பிள்ளைகளுக்குப் புரியும். ஆனால் அவர்களுக்கு இந்தப் பொடியன் வேண்டாம். ஆக, அறிவால் ஒத்தவன் உயரத்தால் ஒவ்வான். உயரத்தால் ஒத்தவன் பேச்சால் ஒவ்வான். இரண்டு கரைக்கும் நடுவே நிற்கிறது குழந்தை!

வகுப்பறையிலே என்ன? 140 ஈவு உடைய பிள்ளைக்குப் பள்ளி நேரத்திலே பாதி வீண். 170-க்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஏறக்குறைய முழு நேரமும் வீண் என்று கணக்கிட்டார் அந்த அம்மையார். வீணான நேரம் சும்மா போவதில்லை. சோம்பலைக் கற்றுக்கொடுக்கிறது. பகற்கனவைக் கற்றுக்கொடுக்கிறது. முயலாமலே வெல்லலாம் என்ற மயக்கத்தைக் கற்றுக்கொடுக்கிறது. பெரியவர்களைக் குறைத்து மதிக்கும் துடுக்கையும் கற்றுக்கொடுக்கிறது. பிற்பாடு அந்தப் பிள்ளை முதன் முதலாக உண்மையான கடினத்தைச் சந்திக்கும்போது திகைத்து உட்கார்ந்துவிடுகிறது. அதைக் கண்டு, “பார்த்தீர்களா, பழம் வெம்பிவிட்டது” என்கிறோம். வெம்ப வைத்தவர் யார்?

பிறப்பைப் பற்றிய சிந்தனையும் அவர்களுக்கு முந்திவிடுகிறது. நாம் எங்கிருந்து வந்தோம், செத்தபின் என்ன ஆவோம், நல்லவர் ஏன் துன்பப்படுகிறார் என்ற கேள்விகள் ஐந்து வயதிலும் ஆறு வயதிலும் எழுகின்றன. கேள்வி பெரியவருடையது, அதைத் தாங்கவேண்டிய நெஞ்சோ குழந்தையினுடையது. “பெரியவன் போலப் பேசுகிறாயே, ஏன் சின்னப் பிள்ளை போல அழுகிறாய்?” என்று கடிந்துகொள்ளும் பெற்றோர் இதை எண்ணிப் பார்க்கவேண்டும். அழுவதற்குக் காரணம் எளிது. அது சின்னப் பிள்ளைதான்! 1991-ம் ஆண்டிலே அமெரிக்காவின் கொலம்பஸ் நகரிலே கூடிய ஒரு குழுவினர் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்: ஒத்திசையா வளர்ச்சி. அறிவு ஓடுகிறது, உணர்ச்சி நடக்கிறது, கையும் காலும் தத்தித் தத்தி வருகின்றன. மூன்றும் ஓர் உடம்பிலே.

போலந்து நாட்டு மனநல மருத்துவர் காசிமியெஷ் டோம்ப்ரோவ்ஸ்கி வேறொரு கோணத்திலே பார்த்தார். ஹிட்லரின் ஆட்களிடம் சிறைப்பட்டவர். போருக்குப் பின் தம் நாட்டு ஆட்சியாலும் சிறை வைக்கப்பட்டவர். துன்பத்தின் நடுவிலேயே மனிதன் உயர்கிறான் என்பது அவர் கொள்கை. உடல், புலன், அறிவு, கற்பனை, உணர்ச்சி என்ற ஐந்திலும் சிலருக்கு மிகையான கிளர்ச்சி உண்டு என்றார் அவர். சட்டையின் முனை உறுத்தினாலும் தாங்காத பிள்ளை, தெரு நாய் அடிபட்டதற்கு மூன்று நாள் சோறு உண்ணாத பிள்ளை, நின்ற இடத்திலே நில்லாத பிள்ளை—இவர்களைப் பெற்றவர்களுக்கு இந்தக் கொள்கை பெரிய ஆறுதலாக இருந்தது. இது அறிவு மிகுந்த பிள்ளைகள் எல்லோருக்கும் பொருந்தும் என்பதற்கு இன்றைய ஆய்வாளர்கள் உறுதியான சான்று காணவில்லை. எனவே வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். ‘அடம்’ என்று பெயர் சூட்டுமுன், என்ன உறுத்துகிறது என்று கேட்கும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும்.

ஏட்டிலே உள்ளது இருக்கட்டும். வாழ்விலே என்ன நடந்தது? 1909-ம் ஆண்டிலே ஹார்வர்டு பல்கலைக் கழகத்திலே இரண்டு சிறுவர்கள் நடமாடினார்கள். ஒருவன் வில்லியம் ஜேம்ஸ் சைடிஸ், வயது 11. தந்தை போரிஸ் சைடிஸ் ஓர் உளநூல் அறிஞர். தம் பயிற்சி முறைக்கு மகனையே சான்றாக உலகுக்குக் காட்டினார். 1910-ம் ஆண்டு சனவரியிலே நாற்பரிமாண உருவங்களைப் பற்றிக் கணிதப் பேராசிரியர்கள் முன்னிலையிலே அந்தச் சிறுவன் சொற்பொழிவாற்றினான். செய்தித்தாள்கள் மொய்த்தன. 16 வயதிலே பட்டம் பெற்றான். பிறகு? ஓட ஆரம்பித்தான். புகழிலிருந்து, பத்திரிகையிலிருந்து, பெற்றோரிடமிருந்து ஓடினான். குறைந்த சம்பளத்திலே கணக்கு எந்திரம் தட்டும் வேலை பார்த்தான். டிராம் வண்டிப் பயணச் சீட்டுகளைச் சேர்த்தான். 1937-ம் ஆண்டிலே ‘நியூயார்க்கர்’ இதழ் அவனைத் தேடிப் பிடித்து, “அன்றைய மேதையின் இன்றைய நிலை” என்ற பாணியிலே எழுதிற்று. வழக்குத் தொடுத்தான், 1940-ம் ஆண்டிலே தீர்ப்பு அவனுக்கு எதிராகப் போயிற்று: ஒருமுறை பொதுமக்கள் பார்வைக்கு வந்தவன் வந்தவனே! மேடையிலே தன்னை ஏற்றச் சொல்லி அந்தப் பதினொரு வயதுப் பாலகன் கேட்டானா? இறங்க மட்டும் அவனுக்கு உரிமை இல்லையாம்! 1944-ம் ஆண்டிலே, 46 வயதிலே, மூளையிலே இரத்தம் கசிந்து மாண்டான்.

மற்றவன் நார்பர்ட் வீனர். இவனுக்கும் கண்டிப்பான தந்தை, வீட்டுப் பாடம், தவறு செய்தால் சீறல். 14 வயதிலே இளங்கலைப் பட்டம்; 18 வயதிலே ஹார்வர்டின் டாக்டர் பட்டம். 1948-ம் ஆண்டிலே ‘சைபர்னெட்டிக்ஸ்’ என்ற புதுத் துறைக்கே பெயர் சூட்டிய பேரறிஞரானார். இருவரும் ஏறத்தாழ ஒரே விதமான விதை. ஒரே விதமான உரம். ஒருவர் ஏன் மரமானார்? வீனர் தம் இளமையைப் பற்றி 1953-ம் ஆண்டிலே நூல் எழுதினார். தம் மகன் சராசரிப் பிள்ளைதான், பயிற்சியே அவனை உயர்த்திற்று என்று தந்தை அச்சிலே சொன்னது தமக்கு எவ்வளவு வலித்தது என்பதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார்: வெற்றியெல்லாம் தந்தைக்கு, தோல்வியெல்லாம் தனக்கு! ஆனால் அவர் தந்தை ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். பதினொரு வயது மகனை விளம்பரம் சூழும் ஹார்வர்டுக்கு உடனே அனுப்பாமல், வீட்டருகே இருந்த டப்ட்ஸ் கல்லூரிக்கு அனுப்பினார். மாலையிலே சமவயதுப் பிள்ளைகளோடு தெருவிலே விளையாடும் வாழ்வு அந்தப் பையனுக்குக் கிடைத்தது. தாம் காயங்களோடு தப்பியவர் என்பதை அறிந்தே, சைடிஸுக்கு உலகம் இழைத்த கொடுமையைக் கண்டித்தும் அந்த நூலிலே எழுதினார் வீனர்.

1913-ம் ஆண்டிலே வீனர் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜிலே கணிதப் பேரறிஞர் ஹார்டியின் வகுப்புகளிலே அமர்ந்தார். அதே ஆண்டு, சனவரித் திங்களிலே, அந்த ஹார்டியின் மேசைக்குச் சென்னைத் துறைமுகக் குமாஸ்தா ஒருவரின் கடிதம் வந்து சேர்ந்தது. ஆம், நம் இராமானுஜன்! பள்ளியிலே பரிசுகள் வாங்கிய பிள்ளை; 1904-ம் ஆண்டிலே குடந்தை அரசுக் கல்லூரியிலே உதவித்தொகையோடு சேர்ந்த பிள்ளை. கணக்கிலே மூழ்கினார், மற்றப் பாடங்களிலே தவறினார், உதவித்தொகை போயிற்று. 1905-ம் ஆண்டிலே வீட்டை விட்டே ஓடினார். பச்சையப்பன் கல்லூரியிலே சேர்ந்தும் எப்.ஏ. தேறவில்லை. அந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணை எல்லோரும் பார்த்தார்கள். மனத்தைப் பார்த்தவர் யார்? 1912-ம் ஆண்டிலே மாதம் 30 ரூபாய் வேலை. 1914-ம் ஆண்டிலே கப்பலேறினார். அங்கே அறிவுக்குத் துணை கிடைத்தது—ஹார்டி, லிட்டில்வுட். ஆனால் போர்க்காலம், குளிர், ஒத்துக்கொள்ளாத உணவு, மருத்துவமனைப் படுக்கை, மனைவி கடல் கடந்த தொலைவிலே. 1918-ம் ஆண்டிலே உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்றார் என்பது வரலாறு. அதே ஆண்டிலே ராயல் சொசைட்டியின் உறுப்பினர் என்ற பெரும் பதவியும் வந்தது. 1920-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி, 32 வயதிலே, நம்மை விட்டுப் போனார். முதலிலே அவருக்கு அறிவுத் துணை இல்லை. பிறகு அறிவுத் துணை இருந்தது. நெஞ்சுத் துணை இல்லை. இரண்டும் ஒன்றாக வாய்க்கவேயில்லை!

இராமானுஜனையாவது ஒரு கடிதம் காப்பாற்றிற்று. கடிதம் எழுத வழியறியாமல் மண்ணோடு மண்ணாகிப் போனவர்கள் எத்தனை பேர்? அறிவு ஒரு குலத்தின் சொத்தன்று, ஓர் இனத்தின் சொத்தன்று என்பதற்குச் சான்று வேண்டுமா? 1935-ம் ஆண்டிலே பால் விட்டி, மார்ட்டின் ஜென்கின்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் சிகாகோ நகரத்துக் கறுப்பினச் சிறுமி ஒருத்தியைப் பற்றி அறிக்கை வெளியிட்டார்கள். ஒன்பது வயது, ஈவு 200! ஜென்கின்ஸும் கறுப்பினத்தவரே. அவர் சிகாகோப் பள்ளிகளிலே தேடியபோது மேலான அறிவுடைய கறுப்பினப் பிள்ளைகள் பலரைக் கண்டார். டெர்மனின் சல்லடையிலே ஏன் இவர்கள் தங்கவில்லை? பிள்ளைகள் இல்லாததாலா? பார்க்கும் கண் இல்லாததால்!

பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். புளோரிடா மாநிலத்தின் பெரிய பள்ளி மாவட்டம் ஒன்றிலே, பெற்றோரும் ஆசிரியரும் பரிந்துரைக்கும் பிள்ளைகளையே சோதிப்பது என்றிருந்த வழக்கத்தை 2005-ம் ஆண்டிலே மாற்றி, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் முதற்கட்டத் தேர்வு வைத்தார்கள். விளைவை டேவிட் கார்டு, லாரா ஜூலியானோ என்ற பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்து 2016-ம் ஆண்டிலே வெளியிட்டார்கள். ஏழைப் பிள்ளைகளும் கறுப்பின, லத்தீன் இனப் பிள்ளைகளும் சிறப்பு வகுப்புக்குத் தேறுவது வெகுவாக உயர்ந்தது. கேள்வித்தாள் எளிதாக்கப்படவில்லை. தகுதி குறைக்கப்படவில்லை. எல்லோரையும் பார்த்தார்கள்—அவ்வளவுதான்! ‘தகுதி, திறமை’ என்று மூச்சுக்கு மூச்சு முழங்குவோர் இதற்கு என்ன சொல்வார்கள்? தகுதி குடிசையிலே இல்லை என்பது பொய்; குடிசையிலே யாரும் தேடவில்லை என்பதே மெய்.

“ஊரிலே பள்ளிக்கூடத்துக்குக் கூரையே ஒழுகுகிறது, மேதைப் பிள்ளைக்குத் தனிக் கவனிப்பு ஒரு கேடா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை ஹாலிங்வொர்த்தின் பள்ளியிலேயே இருக்கிறது. 1936-ம் ஆண்டிலே நியூயார்க் நகரிலே அவர் முயற்சியால் எழுந்த ஸ்பேயர் பள்ளியிலே மெதுவாகக் கற்கும் பிள்ளைகளுக்கு ஏழு வகுப்புகள். விரைவாகக் கற்கும் பிள்ளைகளுக்கு இரண்டு வகுப்புகள். இரண்டு தரத்தாரும் ஒரே கூரையின் கீழ்! விரைந்த பிள்ளைகளை அவர் மேல்வகுப்புக்குத் துரத்தவில்லை. வழக்கமான பாடத்தைப் பாதி நேரத்திலே முடித்து, மீதி நேரத்திலே உணவு, உடை, வீடு, வண்டி ஆகிய அன்றாடப் பொருள்கள் எப்படி உருவாயின என்று ஆராயச் செய்தார். உலகை நடத்துகிற உழைப்பை அறிந்தவனே உலகுக்குத் தலைமை தாங்கத் தகுந்தவன் என்பது அதன் பொருள். அந்த அம்மையாரும் பரம்பரையே அறிவுக்கு மூலம் என்ற அக்காலத் தவறான கருத்திலே ஊறியவர்தான். அதை நாம் ஏற்கவில்லை. பிள்ளைகளை அவர் நடத்திய முறையை ஏற்கிறோம்.

அறிவு மிகுந்த பிள்ளைக்குச் செய்வதைத் தடுமாறும் பிள்ளையின் பங்கிலிருந்து பறிக்கவேண்டியதில்லை. இருவரும் கேட்பது ஒன்றே: “என்னை என் அளவிலே பார்.” ஒழுகும் கூரையைச் செப்பனிடுவதும் இதற்காகத்தான், வகுப்புக்கு அறுபது பேரை அடைப்பதை நிறுத்துவதும் இதற்காகத்தான். நாற்பது முகங்களையும் அறியாத ஆசிரியர் நாற்பத்தொன்றாவது மனத்தை எங்கே அறியப் போகிறார்?

திறன் தேடும் தேர்வுகள் நம் நாட்டிலும் 1963-ம் ஆண்டு முதல் வந்தன. தமிழ்நாட்டிலே கிராமப்புற மாணவர்களுக்கென்று தனித் தேர்வும் உதவித்தொகையும் ஏற்பட்டன. வரவேற்கத்தக்கவை. ஆனால் தேர்வு வைத்துத் தொகை கொடுத்ததோடு கடமை முடிந்ததா? பணம் புத்தகம் வாங்கும், தோழனை வாங்குமா? ஆகவே நாம் வற்புறுத்துவது இது:

ஒன்று: யாரோ ஒருவர் சுட்டிக் காட்டும் பிள்ளையை மட்டும் பார்க்காமல், அரசுப் பள்ளியிலே படிக்கும் ஒவ்வொரு பிள்ளையையும் பார்க்க வேண்டும், அதுவும் தாய்மொழியிலே, தொடக்கப் பள்ளியிலேயே.

இரண்டு: கண்டெடுத்த பிள்ளைகளைத் தனித்தீவாக்காமல், வாரத்திலே ஒரு நாளாவது வட்டாரத்துப் பிள்ளைகளை ஓரிடத்திலே கூட்ட வேண்டும். தன்னைப் போல் இன்னொருவன் இருக்கிறான் என்று அறிவதைவிடப் பெரிய மருந்து அந்தப் பிள்ளைக்கு இல்லை.

மூன்று: மனநல ஆலோசகர் என்ற பெயர் நகரத்துப் பெரிய பள்ளிகளின் அலங்காரமாக இருப்பது போதாது, ஒன்றியம்தோறும் வேண்டும். ஆசிரியர் பயிற்சியிலும் இதற்குப் பாடம் வேண்டும்.

நான்கு: பச்சைப் பிள்ளைகளை மேடையேற்றி வித்தை காட்டுவதற்கு முற்றுப்புள்ளி வைக்கவேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 1998-ம் ஆண்டிலே கிளாடியா மியூல்லர், கேரல் டுவெக் என்ற இரு அம்மையார்கள் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய ஆராய்ச்சி ஒன்று உண்டு. “நீ அறிவாளி” என்று புகழப்பட்ட பிள்ளைகள் அதன்பின் கடினமான வேலையைத் தவிர்த்தார்கள். தோல்வி வந்ததும் தளர்ந்தார்கள். தாம் பெற்ற மதிப்பெண்ணைக் கூட்டிச் சொல்லவும் துணிந்தார்கள். “நன்றாக முயன்றாய்” என்று பாராட்டப்பட்டவர்களோ கடினத்தை விரும்பி ஏற்றார்கள். பட்டம் சூட்டினால் பிள்ளை அந்தப் பட்டத்தைக் காக்கப் பொய்யும் சொல்லும். உழைப்பைப் பாராட்டினால் மேலும் உழைக்கும். வீட்டிலே ‘டாக்டர்’, ‘கலெக்டர்’ என்று செல்லப் பெயர் வைத்து அழைப்போர் இதைச் சிந்திக்கட்டும். நம் ஆசையைச் சுமக்கும் வண்டியல்ல பிள்ளை.

அறிவு மிகுந்த குழந்தை நாட்டின் செல்வம் என்கிறோம். உண்மை. ஆனால் செல்வம் என்றதும் பெட்டியிலே பூட்டவும், எடுத்துக் காட்டவும், எண்ணிப் பார்க்கவும் தோன்றிவிடுகிறது! அது பசிக்கும்போது அழுகிற, பயந்தபோது மடி தேடுகிற, ஒரு தோழனுக்காக வாசலிலே காத்து நிற்கிற உயிர். அதற்கு வேலை கொடுங்கள், அறிவுக்கு ஏற்றதாக. தோழமை கொடுங்கள், மனத்துக்கு ஏற்றதாக. விளையாட மண் கொடுங்கள், வயதுக்கு ஏற்றதாக. இம்மூன்றையும் மாளிகைப் பிள்ளைக்கும் குடிசைப் பிள்ளைக்கும் ஒன்றுபோலக் கொடுக்கிற நாடே அறிவை மதிக்கிற நாடு. மற்றவை, அறிவைக் காட்சிப் பொருளாக்கிக் கைதட்டிவிட்டு வீடு திரும்புகிற நாடுகள்.